பெலிண்டா படித்த காட்டேரி நாவல்

திருவரங்கம் மேல உத்திர வீதியில், சௌமியநாராயணன் வீட்டு வாசலில் காலை ஆறு பத்துக்கு ஸ்கூட்டரை நிறுத்தும் பெலிண்டா உடனே படியேறிவிட மாட்டாள். அழைப்புமணியை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நிற்பாள். இடது கையில் ஐஸ் பெட்டி. வலது தோளில் ஊசியும் குழாய்களும் அடங்கிய பை. உள்ளேயிருந்து குரல் வரும்.

“வாடியம்மா ரத்தக்காட்டேரி. வெறும் வயத்தோட காத்துண்டிருக்கேன்.”

அந்தக் குரல் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவர் கையில் நரம்பு லேசில் அகப்படாது. பெலிண்டா விரல் நுனியால் இரண்டு தடவை தடவிப் பார்ப்பாள். மூன்றாவது தடவை ஊசி இறங்கிவிடும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “குத்தப் போறியா, இல்லையா?” என்பார். “எடுத்தாச்சுங்க சார், பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்கங்க” என்பாள் பெலிண்டா.

நாலேகால் வருட வேலையில் ஒரே கையில் இரண்டாம் தடவை குத்த நேர்ந்தது பதினோரு முறைதான். அந்தப் பதினொன்றையும் தேதி, பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இருபத்தாறு வயதில் இப்படி ஒரு கை திருச்சியில் இன்னொருத்திக்கு இருக்குமா என்பது சந்தேகந்தான்.

தில்லைநகர் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. காலை ஐந்தே முக்காலுக்குப் பாலக்கரை வீட்டிலிருந்து கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, திருவரங்கத்தில் ஏழெட்டு வீடு ஏறி இறங்கி, எட்டரைக்குள் சாம்பிளை லேபில் சேர்க்க வேண்டும். பிற்பகல் முழுக்க மைக்ராஸ்கோப்.

மிச்ச நேரமெல்லாம் கதைப் புத்தகம். அதிலும் மாயாஜாலக் கதை. பதினோராம் வகுப்பில் போனில் படிக்க ஆரம்பித்தவள், இன்றைக்கு ஏழு பாகம், ஒன்பது பாகம் என்று வரும் தொடர்களை ஒரே மாதத்தில் முடித்துவிடுகிறாள். முன்பக்கத்தில் வரைபடம் இருக்க வேண்டும். டிராகன் இருந்தால் நல்லது. மந்திரம் என்றால் அதற்கு ஒரு விதி இருக்க வேண்டும், ஒரு விலை இருக்க வேண்டும். விதி இல்லாத மந்திரத்தை அவள் மதிப்பதில்லை. இவளைப் போன்ற நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து டெலிகிராமில் ‘டிராகன் பேட்டை’ என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. 2025 செப்டம்பரில் அந்தக் குழுவில் ஒரு போட்டி வைத்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய காட்டேரி நாவல் ஒன்றைப் படித்து முடிக்க வேண்டும். சினிமா பார்த்துவிட்டுக் கதை விடக் கூடாது.

தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகம் விற்கும் குத்புதீன் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். யாரோ எப்போதோ தமிழில் மொழிபெயர்த்தது. அட்டை கிடையாது. முதல் எட்டுப் பக்கமும் கிடையாது. அதனால் நாவலின் பெயர் என்ன, எழுதியவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

“பயமா இருக்குமா பாய்?” என்று கேட்டாள்.

“இத வாங்கிட்டுப் போன ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லம்மா” என்றார் அவர், சிரிக்காமல்.

முதல் நாற்பது பக்கத்தில் பெலிண்டா நொந்துபோனாள். அவள் அறிந்த காட்டேரிகள் அழகர்கள், பறப்பார்கள், குலச்சண்டை போடுவார்கள், ஆயிரம் வருடக் காதலுக்காக உருகுவார்கள். இதில் வந்தவன் ஒரு கிழட்டுப் பிரபு. பனி பெய்யும் மலையில் பெரிய மாளிகை. அங்கே நின்றுபோன கடிகாரங்கள் முப்பத்தொன்று. அவற்றைப் பழுது பார்க்க ஓர் இளைஞன் வருகிறான். பிரபு அவனை வாசலுக்கே வந்து வரவேற்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். குளிருகிறதா என்று கேட்கிறார். திரும்பவும் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

குழுவுக்குக் குரல்பதிவு அனுப்பினாள். “அறுபது பக்கம் ஆச்சு மக்களே. ஒரு சொட்டு ரத்தம் வரல. திருவரங்கத்துல நான் ஒரு காலைல எடுக்கறதுல பாதிகூட இந்தாளு எடுக்கல. விருந்து வெச்சே கொல்றான்.” பத்துப் பேர் சிரித்தார்கள். “கைவிட்டுடாதீங்க அக்கா” என்று ஒரு பையன் எழுதினான்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அரசு ஆஸ்பத்திரி ஆய்வக உதவியாளர் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அதில் பெயர் வந்துவிட்டது. அக்டோபர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்கள் இல்லாமல் வருபவர் பரிசீலிக்கப்பட மாட்டார் என்று கடைசி வரியில் இருந்தது.

அக்கா லூர்துராணி அந்தச் செய்தியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ஜெபமாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்தது. அசல் எல்லாம் லேபில், முதலாளி நவநீதன் சாருடைய பீரோவில் இருந்தது.

அது அங்கே போன கதை வேறு மாதிரி. 2021 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நவநீதன் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தது லூர்துராணிதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, மேலப்புதூர்த் தையல்கடையில் ஆல்டரேஷன் வேலை பார்த்துத் தங்கையைப் படிக்க வைத்தவள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் ஒரு காகிதத்தையும் அவள் தொலைத்ததில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ், டிப்ளமோ, டிப்ளமோ மதிப்பெண் என்று ஆறு தாள்களையும் பாலித்தீன் உறையில் போட்டு, மேலே தன் கையெழுத்தில் பட்டியலும் எழுதி ஒட்டியிருந்தாள். நவநீதன் அந்த ஒழுங்கைப் பார்த்து அசந்துவிட்டார். அப்போது லூர்துராணியே சொன்னாள்: “மழைன்னா எங்க வீட்டு ஓடு ஒழுகுதுங்க சார். உங்க பீரோலயே இருக்கட்டும். பத்திரமா இருக்கும்.”

ஊசி இடங்கொடுக்காமல் நூல் நுழையாது. தையல்காரிக்கு அது தெரியாததல்ல.

மறுநாள் சனிக்கிழமை, பிற்பகல் வேலை குறைந்த நேரம் பார்த்து, பெலிண்டா நவநீதன் அறைக்குப் போனாள். பச்சை நிற பீரோ அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதன் மேல் லட்சுமி படம், சீரியல் பல்பு.

“வாம்மா, உக்காரு. சாப்டியா?”

“சாப்டேங்க சார். என் சர்ட்டிபிகேட்டெல்லாம் வேணும். ஒரு கவர்மெண்ட் வேலைக்கு வெரிபிகேஷன்.”

“அப்படியா! ரொம்ப சந்தோஷம். நம்ம வீட்டுப் பொண்ணு கவர்மெண்ட்ல உக்காந்தா எனக்குத்தான பெருமை.” மேஜை அறையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். “சாவி வீட்டுல இருக்கும்மா. திங்கக்கிழம பாப்போம்.”

திங்கட்கிழமை சாவி இருந்தது, நேரமில்லை. புதன்கிழமை பீரோவின் நடுத்தட்டுச் சிக்கிக்கொண்டது, ஆள் வர வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை, “தேதி ஆறுதான? இன்னும் எவ்ளோ நாள் கெடக்கு. ஏம்மா முகம் வாடிக் கெடக்கு? யமுனா, இந்தப் பொண்ணுக்கு ஒரு டீ சொல்லு” என்றார்.

யமுனா வரவேற்பு மேஜையில் இருப்பவள். முப்பத்து மூன்று வயது. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “என்னோடது ஒம்போது வருஷமா உள்ள இருக்கு. ரெண்டு எடத்துல கூப்பிட்டாங்க. மொதல்ல கேட்டேன். அப்புறம் கேக்கவே கூச்சமாப் போச்சு. எங்கப்பா ஆபரேஷனுக்கு ராவெல்லாம் ஆஸ்பத்திரில கூடவே உக்காந்திருந்தாருடி. அவருகிட்ட போயி என்னத்தக் கேக்குறது?”

“தர மாட்டேன்னு எப்பவாச்சும் சொன்னாராக்கா?”

“சேச்சே. அப்படி ஒரு வார்த்த அவரு வாயில வருமா?”

2016இல் ஒரே வாரத்தில் இரண்டு பேர், அவர் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து லேபுக்குப் போய்விட்டார்களாம். அந்த வருடந்தான் பீரோ வந்ததாம். பத்திரம் எதிலும் யாரிடமும் அவர் கையெழுத்து வாங்கியதில்லை, மிரட்டியதில்லை, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கத் தவறியதில்லை. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாந்தான். அதற்கு மூன்று மாதம் ஆகும். போலீஸில் ஒரு சான்று வாங்க வேண்டும். கண்ணெதிரே பீரோவில் இருப்பதைத் தொலைந்தது என்று எப்படி எழுதிக் கொடுப்பது? வைத்துக்கொண்டு தரவில்லை என்று புகார் சொல்லவும் வழியில்லை. கேட்டால், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேனே என்பார். அது பொய்யும் இல்லை.

அன்று சாயங்காலம் லூர்துராணி ஒரு பள்ளிச் சீருடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். பெலிண்டா பக்கத்தில் உட்கார்ந்து நாவலை வாய்விட்டுப் படித்தாள். அது அவர்களுடைய பழக்கம். அக்காவுக்குக் கை வேலையில் இருக்கும், காது கதையில் இருக்கும்.

கடிகாரக்காரன் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. முதல் நாளே பிரபு அவனுடைய கம்பளி மேலங்கியைத் தன் கையாலேயே கழற்றி வாங்கியிருந்தார். நனைந்திருக்கிறது, என் அறையில் கணப்பு இருக்கிறது, அங்கே காயட்டும் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் மாளிகைக் கதவை அகலத் திறந்துவைத்து, “நீ எப்போது வேண்டுமானாலும் போகலாம், தம்பி” என்பார். வெளியே முழங்காலளவு பனி. கம்பளி மாடியில்.

“விருந்தும் மருந்தும் மூணு நாள்னு அந்த ஊர்ல யாரும் சொல்லலையா?” என்றாள் லூர்துராணி. “கம்பளியக் கேக்க வேண்டியதுதான?”

“கேக்குறான்க்கா. தினமும் கேக்குறான். ‘இன்னும் காயலியே’ங்குறாரு. அப்புறம் சாப்டியான்னு கேக்குறாரு.”

லூர்துராணி ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெலிண்டாவும் படிப்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

“நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்” என்றாள் அக்கா. “பட்டியல் போட்டுக் குடுத்தேன்.”

“காட்டேரி தானா உள்ள வர முடியாதுக்கா. யாராவது வாங்கன்னு கூப்பிடணும். எல்லாப் புக்குலயும் அதான் விதி.”

“போதும். நாளைக்கு நானே போறேன்.”

போனாள். செப்டம்பர் இருபது, சனிக்கிழமை, கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தான் எழுதிய பட்டியலின் நகலோடு போனாள். பேச வேண்டியதை பஸ்ஸில் நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்த பெலிண்டாவுக்கு உள்ளறைச் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். நவநீதன் சிரிப்பு. அவர் மனைவியின் குரல். டம்ளர் வைக்கும் சத்தம். முக்கால் மணி நேரம் கழித்து லூர்துராணி வெளியே வந்தாள். அவள் கையில் ஒரு முறுக்குப் பொட்டலம் இருந்தது.

“என்னக்கா?”

“அந்தம்மா உன்னப் பத்தி அவ்ளோ பெருமையாப் பேசுறாங்கடி. நீ போயிட்டா லேபே இல்லங்குறாங்க. நான் வாயத் தொறக்குறப்பல்லாம் சாப்பிடுங்கங்குறாங்க.” லூர்துராணி பொட்டலத்தைப் பார்த்தாள். “இது எப்படி என் கைக்கு வந்துச்சுன்னே தெரியல.”

வீட்டில் அந்த முறுக்கை இருவரும் தொடவில்லை. மூன்று நாள் டப்பாவிலேயே இருந்தது.

அந்த வாரம் பெலிண்டாவுக்கு ஊசி பிடிக்கும் கை மட்டுந்தான் நிதானமாக இருந்தது. பாலத்தில் போகும்போது காவிரியைப் பார்க்கவில்லை. போகும் வீடுகளில் “வாங்க” என்றால் திடுக்கிட்டாள். சௌமியநாராயணன் எதிர்வீட்டில் ஒரு ரத்தம் எடுக்கப் போனபோது, அவர் வாசலிலிருந்தே, “என்னடி காட்டேரி, உன் ரத்தத்த யாராவது குடிச்சுட்டாளா? வெளிறிக் கெடக்கியே” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாவலை மட்டும் விடவில்லை. இப்போது பொழுதுபோக்குக்காகப் படிக்கவில்லை. இரண்டாம் தடவை குத்தியதை எழுதி வைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டு படித்தாள். மந்திரத்துக்கு விதி இருக்க வேண்டும். இந்தப் பிரபுவுக்கு வாள் இல்லை, மந்திரச் சொல் இல்லை, பறக்கவும் தெரியவில்லை. பிறகு எதை வைத்து அவனைப் பிடித்துவைத்திருக்கிறார்? பிரபு பேசும் பேச்சையெல்லாம் முதலிலிருந்து திரும்பப் படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் அவர் ஒரு தடவைகூட ‘முடியாது’ என்று சொல்லவில்லை. அதற்கு அடியில் கோடு போட்டாள். அவருடைய பலம் உபசாரம். உபசாரம் செய்பவன் முடியாது என்று சொல்லிவிட்டால் அந்த நிமிடமே பலம் போய்விடும். கடிகாரக்காரன் கேட்டதெல்லாம் தனியறையில், ஆளில்லாத நேரத்தில். அங்கே முடியாது என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நாளைக்கு என்றால் போதும். ஆனால் அதே மாளிகையில் இரண்டு தடவை விருந்து நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இவன் மூலையில் உட்கார்ந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான்.

“மடையன்” என்றாள் பெலிண்டா சத்தமாக.

“யாருடி?” என்றாள் அடுப்படியிலிருந்து அக்கா.

“நாந்தான்.”

லேபில் பெரிய விருந்து என்றால் அது சரஸ்வதி பூஜை. நவநீதன் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் அதில் விட மாட்டார். ரத்தக் குழாய்களைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து பிரிட்ஜ் வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். பதிவேடுகள், பாடப் புத்தகங்கள் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் அடுக்கப்படும். வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. அவரும் தொட மாட்டார். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்ததும், யார் வைத்ததோ அவரே தன் கையால் எடுத்து நாலு வரி படிக்க வேண்டும். போன வருடம் பெலிண்டா ஒன்றும் கொண்டுவரவில்லை. “படிப்புக்கு மதம் ஏதும்மா? உன் புத்தகம் எதையாவது வை” என்று அவர்தான் வற்புறுத்தினார். பையில் இருந்த டிராகன் கதையை வைத்தாள். மறுநாள் எல்லாரும் சுற்றி நிற்க, டிராகன் ஊரை எரிக்கும் இடத்தை நாலு வரி படித்தாள். நவநீதன் கையைக் கட்டிக்கொண்டு பக்தியோடு கேட்டார்.

இந்த வருடம் பூஜை அக்டோபர் ஒன்று, புதன்கிழமை. சரிபார்ப்புக்கு ஐந்து நாள் முன்னால்.

அன்று பெலிண்டா மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு போனாள். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. அவளுடைய ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்தாயிற்று. அவளும் யமுனாவும் இயந்திரங்களைத் துடைத்து முடிக்க மணி நாலாயிற்று. தெருவிலிருந்து இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். எதிர் மருந்துக்கடை நஸ்ருல்லா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நவநீதனின் மனைவி தட்டில் பொரி, கடலை, சுண்டல் என்று பரப்பிக்கொண்டிருந்தார். பதிவேடுகளை அடுக்கி முடித்த நவநீதன் சூடம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தார்.

பெலிண்டா ஓர் அடி முன்னால் வந்தாள். மூலையில் உட்கார்ந்து சாவி கொடுத்தவனை நினைத்தாள்.

“சார்” என்றாள். “போன வருஷம் படிப்புக்கு மதம் ஏதுன்னு சொன்னீங்க. எனக்கு மறக்கவே இல்ல. இந்த வருஷம் என் சர்ட்டிபிகேட்ட வெச்சுக் கும்பிட்டுக்கட்டுங்களா?”

தீக்குச்சி எரிந்துகொண்டே இருந்தது.

“வெக்கலாம்மா. அது... உள்ள இருக்கு.”

“ஆமாங்க சார். பீரோல. உங்க கையாலயே எடுத்து வெச்சீங்கன்னா நல்லாருக்கும்.”

“நல்ல யோசனைதான?” என்றார் அவர் மனைவி, உண்மையான சந்தோஷத்தோடு. “என்னங்க, எல்லாப் புள்ளைங்களோடதும் உள்ளதான இருக்கு? எல்லாத்தையும் எடுத்து அம்மா காலடில வைங்க. இத்தன வருஷம் நமக்குத் தோணலியே.”

“படிச்ச பேப்பருக்குத்தான் மொதல் மரியாத” என்றார் நஸ்ருல்லா. டாக்டர்களில் ஒருவர் தலையாட்டினார்.

குச்சி விரலைச் சுட்டதும் நவநீதன் உதறினார். பெலிண்டாவை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. ராத்திரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். நடுத்தட்டுச் சிக்கவில்லை. ஏழு உறைகள் வந்தன. நான்காவது உறைமேல் லூர்துராணியின் கையெழுத்து, நாலு வருடத்தில் நீலம் கொஞ்சம் வெளுத்து இருந்தது.

ஏழையும் வெள்ளைத் துணியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அவரே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெலிண்டாவின் உறை வாய் திறந்திருந்ததால் குங்குமம் உள்ளேயும் விழுந்தது.

வீட்டில் லூர்துராணிக்குச் சோறு இறங்கவில்லை. “உள்ள எடுத்து வெச்சுட்டார்னா?” என்று கேட்டாள்.

“மாட்டாருக்கா. பூஜைல வெச்சதத் தொட மாட்டாரு.”

“எப்படித் தெரியும்?”

“விதி” என்றாள் பெலிண்டா. ஆனால் அவளும் விடியும்வரை புரண்டு புரண்டுதான் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏழு உறைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. நவநீதன் குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, முன்னதாகவே வந்திருந்தார். மறுபூஜை முடிந்தது. முதலில் அவர் தன் பழைய பாடப் புத்தகத்தை எடுத்து நாலு வரி படித்தார். குரல் சற்றுக் கம்மியிருந்தது.

“எடுத்துக்கம்மா” என்றார்.

பெலிண்டா உறையை எடுத்தாள். டிப்ளமோவை உருவி, தன் பெயரையும், தேறிய வகுப்பையும், வருடத்தையும் சத்தமாகப் படித்தாள். பிறகு தாள்களை எண்ணினாள். ஆறு.

“படிச்சுட்டு இப்படிக் குடும்மா. உள்ள வெச்சிடறேன்” என்று கையை நீட்டினார். அந்தக் கை நடுவில் நின்றது. டாக்டர் இல்லை, நஸ்ருல்லா இல்லை. ஆனால் அவர் மனைவி சுண்டலோடு நின்றிருந்தார்.

“ஆறாந்தேதி மெட்ராஸ்ல வேணுங்க சார். அம்மன் காலடில இருந்து நானே எடுத்தாச்சு. திரும்ப உள்ள வெக்கக் கூடாதுல்ல?” என்று சொல்லி உறையைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “மத்தியானம் சாம்பிள் எல்லாம் நானே பாத்துடறேங்க சார். வேற ஆள் வர்ற வரைக்கும் வரேன். சொல்லாமப் போக மாட்டேன்.”

கடைசி வாக்கியத்துக்குத்தான் அவர் முகம் அசைந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “சாப்டுட்டுப் போம்மா” என்றார்.

“சரிங்க சார்” என்று நின்றுகொண்டே சுண்டலைச் சாப்பிட்டாள். அன்றைக்கு அது தொண்டையில் இறங்கியது.

அடுத்து யமுனா. தன் உறையை எடுத்தாள். பிகாம் பட்டத்தைப் பிரித்தாள். ஒன்பது வருடமாக அவள் பார்க்காத தாள். நாலு வரிதான் படிக்க வேண்டும். பல்கலைக்கழக முத்திரையில் இருந்த எழுத்து வரைக்கும் படித்தாள். பெலிண்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யமுனாவின் கைப்பை பக்கத்து நாற்காலியில் திறந்தபடி இருந்தது. யமுனா தாளை மடித்தாள். உறையில் போட்டாள். நேராக உள்ளறைக்குப் போய், பச்சைப் பீரோவின் நடுத்தட்டில் தானே வைத்துவிட்டு வந்து, சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

“ஏன்க்கா?” என்றாள் பெலிண்டா, வாசலில்.

“வீட்டுல வெக்க எடம் இல்லடி” என்றாள் யமுனா.

வீட்டில் லூர்துராணி ஆறு தாள்களையும் பாய்மேல் பரப்பி, பட்டியலோடு சரிபார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. உலர்ந்த மஸ்லின் துணியால் அரைமணி நேரம் ஒற்றி எடுத்தாள். ஒரு மிளகளவு கறை மட்டும் போகவில்லை.

ஞாயிறு இரவு ரயிலில் பெலிண்டா நாவலை முடித்தாள். கடிகாரக்காரன் கடைசிவரை விருந்தில் வாய் திறக்கவில்லை. முப்பத்தொரு கடிகாரமும் ஓடுகின்றன; கதவு திறந்திருக்கிறது; பனிகூட உருகிவிட்டது; கம்பளியே தேவையில்லை. அவன் சாவிக்கொத்தோடு அடுத்த கடிகாரத்துக்கு நடக்கிறான். அந்தப் பக்கத்தில் அவளுக்கு யமுனாவின் கைப்பை கண்ணில் வந்து நின்றது. குழுவில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தாள். வரைபடம் இல்லாததற்காக ஒன்றைக் குறைத்தாள். “இவ்ளோ பயங்கரமான காட்டேரிய நான் எந்தப் புக்குலயும் பாத்ததில்ல” என்று எழுதினாள். ரத்தமே வரவில்லை என்று சொன்னீர்களே என்று அந்தப் பையன் கேட்டான். அவள் போனை அணைத்துவிட்டு, உறையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

திங்கட்கிழமை காலை சென்னையில் அவளுடைய முறை பதினொன்றே முக்காலுக்கு வந்தது. மேஜையில் இருந்த அம்மாள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இரண்டாவது தாளில் நிறுத்தினார். விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“லேப்ல வேலையா? ரத்தமா இது?”

“இல்லீங்க மேடம். குங்குமம். சரஸ்வதி பூஜைல வெச்சது.”

அந்த அம்மாள் பெயர் இருந்த வரியைப் பார்த்தார். பெலிண்டா என்று வாய்க்குள் படித்தார். கழுத்தில் இருந்த சிலுவைச் சங்கிலியைப் பார்த்தார். முத்திரையை மையில் ஒற்றி, நகல்களில் ஆறு தடவை குத்தினார்.

“அசல நீங்களே வெச்சுக்கங்க” என்று தாள்களைத் திருப்பித் தள்ளினார். “யார்கிட்டயும் குடுத்துடாதீங்க.”

பெலிண்டா அங்கேயே நின்று, பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தாமல், தாள்களை ஒன்று முதல் ஆறு வரை எண்ணி உறையில் போட்டாள்.